தடைக்காலத்தில் தூத்துக்குடிக்கு மூன்று நாள்

போன மே மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் தூத்துக்குடி போய்வந்தேன். சொந்த ஊர்தான். ஆனால் அம்மா போன பிறகு அங்கே போக ஒரு காரணம் தேவைப்பட ஆரம்பித்துவிட்டது. கல்யாணம், சாவு, கோயில் கொடை என்று ஏதாவது வந்தால் போவேன், அன்றைக்கே ரயில் ஏறிவிடுவேன். இந்த முறை ஒரு விசேஷமும் கிடையாது. சித்தியைப் பார்க்கணும், பள்ளிக்கூடத் தோழிகள் இரண்டு பேரைப் பார்க்கணும், பன்னிரண்டு வயது மகளுக்கு நான் வளர்ந்த தெருவைக் காட்டணும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, கிளம்பும்போது என் கைப்பையில் பதினொரு வீடுகளின் பட்டியல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர், "ஓட்டுக் கேக்கப் போறியா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஊர் போய்ச் சேர்ந்த அன்றைக்கே அவர் சொன்னது சரியென்று பட்டது.

டிக்கெட் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பருக்கு முன்பு நான்கு மாதம் முன்னதாகவே ரயிலில் முன்பதிவு செய்யலாம். இப்போது அறுபது நாள்தான். கோடை விடுமுறையில் முத்துநகர் எக்ஸ்பிரஸுக்கு அந்த அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு போனும் கையுமாக உட்காராவிட்டால் காத்திருப்புப் பட்டியல்தான். நான் போகும் டிக்கெட்டை ஒரு நாளும் திரும்பும் டிக்கெட்டை அதற்கு மூன்று நாள் கழித்தும் போட்டேன். இரண்டையும் ஒரே நாளில் போட்டுவிடலாம் என்று காத்திருந்தால் முதலில் வேண்டிய டிக்கெட் போய்விடும்.

தாம்பரத்தில் ஏறிப் படுத்தோம். விடியும் நேரத்தில் மணியாச்சி. மஞ்சள் பலகையில் 'வாஞ்சி மணியாச்சி' என்று படித்ததும் மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வாஞ்சிநாதன் 1911 ஜூனில் கலெக்டர் ஆஷைச் சுட்டது இந்த ஸ்டேஷனில்தான் என்றதும், "இங்கேயா? இவ்ளோ அமைதியா இருக்கு!" என்றாள். திருநெல்வேலிப் பாதையும் தூத்துக்குடிப் பாதையும் இங்கேதான் பிரிகின்றன. எனக்கு எப்போதுமே ஊர் இங்கே தொடங்கிவிடும். ஜன்னலைத் திறந்தால் காற்றில் ஒரு பிசுபிசுப்பு வரும். கடலுக்கு இன்னும் தூரம் இருந்தாலும் வரும். வருவதாக எனக்குத் தோன்றும் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சித்தி வீடு மட்டக்கடைப் பக்கம். ஆட்டோ நின்றதும், "இப்பதான் வழி தெரிஞ்சுதா மூதி?" என்று வாசலிலேயே வசவு. இந்த 'மூதி' வேறு ஊர்க்காரர்களுக்குக் கேட்க எப்படியிருக்குமோ, எனக்கு அது தலையைத் தடவுவது மாதிரி. உள்ளே போனால் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அடித்த மழையின் கோடு அது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. அதற்குப் பிறகு சித்தி இரண்டு முறை வெள்ளையடித்தும் கோடு மேலே வந்துவிடுகிறதாம்.

அந்தத் தண்ணீரில் டிரங்குப் பெட்டியும் அதற்குள் இருந்த ஆல்பங்களும் போயின. ஊறின ஆல்பத்தைப் பிரித்தால் படத்தோடு படம் ஒட்டிக்கொண்டு தோல் மாதிரி உரிகிறது. போனில் பேசும்போதெல்லாம் சித்தி இதைச் சொல்லி அழுவாள். அம்மாவின் பழைய ஆல்பம் சென்னையில் என்னிடம் இருந்தது. அதிலிருந்து நாற்பது படங்களை ஸ்டுடியோவில் கொடுத்து அஞ்சலட்டை அளவுக்குப் பிரதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சேலை, ஹார்லிக்ஸ், பழம் எல்லாம் மேசையில் கிடக்க, சித்தி அந்தப் படங்களைத்தான் மடியில் பரப்பிக்கொண்டாள். சித்தப்பாவுக்குக் காது மந்தம், போன் திரையில் எதைக் காட்டினாலும் தள்ளிவிடுவார். அவரே ஒவ்வொரு படமாக எடுத்து, பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார். எனக்கே தெரியாத பெயர்கள். வயதானவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் எதை மறந்தாலும் நாலு படத்தைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு போங்கள். அன்று காலை அந்த வீட்டில் டிவி போடவே இல்லை.

அப்படியே உட்கார்ந்திருந்திருக்கலாம். என்னிடம்தான் பட்டியல் இருந்ததே! பத்து மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டேன். பெரிய அத்தை வீடு, மதினி வீடு, பழைய வாத்தியாரம்மா வீடு, அம்மாவோடு வேலை பார்த்தவர் வீடு என்று மத்தியானத்துக்குள் நாலு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அதே காப்பி, அதே முறுக்கு, "எத்தன நாளு இருப்ப? எங்க வீட்ல ஒருவேளகூடச் சாப்பிட மாட்டியா?" என்ற அதே கேள்வி. எல்லா இடத்திலும் பாதி நேரம் நான் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்பதிலும் மீதி நேரம் ஏன் இப்போதே கிளம்புகிறேன் என்பதிலும் போனது. போகாத ஐந்தாவது வீட்டிலிருந்து அதற்குள் போன் வந்துவிட்டது: "அவ வீட்டுக்குப் போனியாமே?" மகள் நாலாவது வீட்டில் குடித்த பாலை ஆட்டோவில் வாந்தியெடுத்தாள். வெளியே நூறு டிகிரி வெயில்.

அன்றைக்குச் செய்த பெரிய தப்பு அதற்கு அப்புறம்தான். உப்பளத்தில் வேலை பார்க்கும் தோழி வீடு முத்தையாபுரத்தில். எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போய் அதிர்ச்சி கொடுக்கலாம் என்று மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கதவைத் தட்டினேன். எதிர் வீட்டு அம்மா ஓடிவந்து, "தட்டாதிய, தட்டாதிய. அவ இப்பதான் கண்ணயந்தா. ராத்திரி ஒன்ற மணிக்கு எந்திரிக்கணும்லா?" என்றார்.

நான் சென்னையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மாதத்தில் ஒரு வாரம் இரவு டூட்டி. விடியற்காலை வீட்டுக்கு வந்து படுத்தபின் பகல் பதினோரு மணிக்கு யாராவது அழைப்பு மணியை அடித்தால் எனக்கு எப்படிக் கொலைவெறி வரும் என்பது எங்கள் குடியிருப்பு முழுவதற்கும் தெரியும். அந்த நான், இவள் ஏழு வருடமாக அளத்து வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்தும், உப்பு எந்த நேரத்தில் வாருவார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் போடுவேன், எடுக்கமாட்டாள், "மறந்துட்டா" என்று நினைத்துக்கொள்வேன். என் லீவு நாளில் ஊரே லீவு எடுத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கும் என்று ஒரு நினைப்பு.

சித்தி வீட்டுக்குத் திரும்பியதும் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். மிச்சமிருந்த ஏழு வீடுகளுக்கும் போன் போட்டு, "நாளைக்குச் சாயங்காலம் சித்தி வீட்ல இருக்கேன், வாங்க" என்றேன். இரண்டு வீட்டில் வருத்தம். ஒருவர் இன்றுவரை பேசவில்லை. மீதி ஐந்து வீட்டாரும் வந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்த்தே வருடக்கணக்காகிவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரே ஊரில் இருந்துகொண்டு!

தோழி சாயங்காலம் கூப்பிட்டாள். "ஏட்டி, என்னைய பாக்கணும்னா அளத்துக்கு வா. நான் வீட்ல இருந்தா தூங்கத்தான் செய்வேன்." கங்காணியிடம் கேட்டுவிட்டதாகவும், விடிகிற நேரத்துக்கு வரச் சொன்னதாகவும் சொன்னாள்.

சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு அளத்தில் இறங்கினோம். உப்பளத்துக்குப் போக நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். சாலையோரம் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வது வேறு, உள்ளே இறங்குவது வேறு. அது ஒருவருடைய வேலையிடம், அனுமதி கேட்டுத்தான் இறங்க வேண்டும். வரப்பிலேயே நடக்கணும், பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. காலை மூடும் செருப்பு வேண்டும். நான் சாதாரணச் செருப்போடு போய், குதிகால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறி, ஒரு வாரம் அவதிப்பட்டேன். எட்டு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அதற்கு மேல் மேலிருந்து அடிக்கிற வெயிலைவிடக் கீழேயிருந்து வெள்ளையாய் அடிக்கிற வெயில் கண்ணைக் கூசும். அங்கேயே வருடக்கணக்கில் நிற்கிறவர்களின் கண் என்ன ஆகும் என்று ஒரு நர்ஸாக எனக்குத் தெரியும், சொன்னால் என்ன ஆகப் போகிறது என்பதும் தெரியும். அடுத்த முறை நல்ல கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

ஆண்கள் வாருபலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்க்க, பெண்கள் தலைச்சுமையாகத் தட்டுமேட்டுக்குக் கொண்டுபோய் அம்பாரமாகக் கொட்டுகிறார்கள். என் தோழி சுமையோடு வரும்போது பேச முடியாது. கொட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் அந்த நாற்பது ஐம்பது அடி தூரம்தான் எங்களுக்குப் பேச்சு நேரம். ஒவ்வொரு நடைக்கும் ஒரு துண்டு: மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது ஒரு நடையில், மாமியாரின் சர்க்கரை ஒரு நடையில், எங்கள் கணக்கு டீச்சர் செத்துப்போனது ஒரு நடையில். இப்படி ஒன்றரை மணி நேரம் பேசினோம். நாலு வீட்டு வரவேற்பறையில் பேசியதெல்லாம் சேர்ந்தாலும் அதற்குச் சமமாகாது.

டீ நேரத்தில் என் மகளிடம் அவள் பாடம் நடத்தினாள். இந்த அளத்தில் ஆழ்குழாய்க் கிணற்று உவர்நீரையும் பாய்ச்சுகிறார்களாம். கடல் தண்ணீரில் உப்பின் அடர்த்தி மூன்று, மூன்றரை டிகிரிதான் இருக்கும். அதைப் பாத்தி பாத்தியாய் மாற்றி வெயிலில் சுண்டவிட்டு இருபத்தைந்து டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால்தான் உப்பு விளையும். நடுவில் ஒரு கோடை மழை வந்தால் விளைந்ததெல்லாம் கரைந்துவிடும். "ஊர்ல எல்லாரும் மழைக்கு சாமி கும்பிடுவாவ, நாங்க மட்டும் வேண்டாம்னு கும்பிடுவோம்" என்றாள். 2023 வெள்ளத்தில் அம்பாரங்கள் அப்படியே கடலுக்குப் போனதைச் சொன்னாள். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு இப்போது ஐயாயிரம் ரூபாய் கொடுக்கிறது. அது ரேஷன் சாமானுக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் சரியாய்ப் போகிறதாம். மே மாதம் அவர்களுக்கு உச்சகட்ட விளைச்சல். சாவகாசமாக அவளைப் பார்க்க வேண்டுமென்றால் நான் ஐப்பசியில் வந்திருக்க வேண்டும். ஐப்பசியில் மகளுக்குப் பள்ளிக்கூடம்.

அன்று மத்தியானம் இன்னொரு தோழி வீட்டில் சாப்பாடு. இவள் கணவர் விசைப்படகில் போகிறவர். இந்தக் கதையை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பிரயோசனம்?

ஊருக்கு வருகிறேன் என்று ஒரு மாதம் முன்பு சொல்லும்போதே, "உங்க வீட்டு சீலா கொழம்பு சாப்ட்டு எத்தன வருஷம் ஆச்சு" என்று போனில் சொல்லியிருந்தேன். சென்னையில் வஞ்சிரம், கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன் என்பதைத்தான் எங்கள் ஊரில் சீலா என்போம். போய் உட்கார்ந்தால் சீலாக் குழம்பு, சீலா பொரித்தது, நண்டு வேறு. என் மகள் வாழ்நாளில் அவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவள் கணவர் திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். "அண்ணன் இன்னைக்குக் கடலுக்குப் போகலியா?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள்ளேயே எனக்கு உறைத்துவிட்டது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்க காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகள் போகும், அதனால் திரேஸ்புரத்தில் மீன் இருக்கும். ஆனால் ஊர் முழுக்க அந்த மீனுக்குத்தான் போட்டி, சீலா கிலோ ஆயிரத்தைத் தாண்டிப் போகும். இவர்கள் வீட்டிலோ இரண்டு மாதம் வருமானம் கிடையாது. அரசு நிவாரணம் எட்டாயிரம், அதுவும் எல்லா வருடமும் ஒரே தேதிக்கு வருவதில்லை. மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் கேரளப் படகுகளுக்கு வேலைக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. இவர் முதுகுவலியால் போகவில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் தோழியின் மாமியார், மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷி, "குழுவுக்குக் கட்ட வச்சிருந்த துட்டு. இருக்கட்டும், நீ என்ன தெனமுமா வாற?" என்றுவிட்டார்.

எனக்கு அந்த மீன் தொண்டையிலேயே நின்றது. இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமா? அந்த ஊரில் பிறந்து இருபது வருடம் வளர்ந்தவள். சென்னையில் எல்லா மாதமும் கடையில் மீன் கிடைத்து, தடைக்காலம் என்பது செய்தித்தாளில் வரும் ஒரு வரியாகிவிட்டது. அவ்வளவுதான்.

பணம் கொடுத்தால் வாங்கமாட்டாள், பள்ளிக்கூடத்திலேயே கடன் வாங்காதவள். கொண்டுபோயிருந்த பட்டுச் சேலையைக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அதைவிட உபயோகமில்லாத பொருள் இருந்திருக்க முடியாது. அப்போதுதான் மாமியார் போட்டுவைத்திருந்த கருவாடு கண்ணில் பட்டது. நல்ல நெத்திலி, மணல் இல்லாமல் காயவைத்தது. எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுப் பேர் நல்ல கருவாட்டுக்கு ஏங்குகிறவர்கள். நாலு கிலோ கேட்டேன், மாமியார் விலை சொன்னார், பேரம் பேசாமல் வாங்கினேன். விலை சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. வியாபாரிக் கண்டிப்பு. அது எனக்குப் பெரிய நிம்மதி. அதன்பிறகு மாதம் ஒரு முறை பார்சல் வருகிறது, மாமியார் விலையை ஏற்றிக்கொண்டேதான் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை "திருச்செந்தூர் போகாமலா?" என்று சித்தி பிடிவாதம் பிடித்தாள். நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் மே மாத ஞாயிற்றுக்கிழமை அங்கே தரிசன வரிசையில் நின்றால் பாதி நாள் போய்விடும். மூன்று நாள் பயணத்தில் முருகனுக்கு வார நாளில் ஒரு விடியற்காலை ஒதுக்க முடிந்தால் போகலாம், இல்லாவிட்டால் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது நல்லது. நான் கேட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு அளத்துக்கு லீவு. சாயங்காலம் தோழிகள் இருவரும் ரோச் பூங்காப் பக்கம் கடற்கரைக்கு வந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மகளுக்குத்தான் ஏமாற்றம்: "அலையே இல்லையேம்மா, ஏரி மாதிரி இருக்கு." மன்னார் வளைகுடாத் தீவுகளும் பவளப்பாறையும் மறைத்து நிற்பதால் தூத்துக்குடிக் கடல் அப்படித்தான் சாதுவாகக் கிடக்கும். அலையில் குதிக்க ஆசைப்படும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிக் கூட்டிப் போங்கள். பேசத்தான் அந்தக் கடல் வசதி, குரலை உயர்த்தவே வேண்டாம். என்ன பேசினோம் என்று எழுத முடியாது. பாதி புரளி, மீதி வைத்தியம்.

போகிற வழியில் மக்ரூன் வாங்கினேன். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் சரக்கு, காற்றுப் பட்டால் பிசுபிசுத்துவிடும். கடற்கரைக்குப் போகும் முன் வாங்கி அங்கே உட்கார்ந்து பிரிக்காதீர்கள். கடைசியில் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். நான் டப்பா கொண்டுபோயிருந்தேன். ஆனால் அந்த டப்பாவில் மாமியார் ஏற்கனவே கருவாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டார். மீதிக் கருவாடு பிளாஸ்டிக் பையில். ரயில் கோவில்பட்டி தாண்டுவதற்குள் பெட்டி முழுக்க மணம் பரவி, எதிர் பெர்த்துக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ஊரிலிருந்து கருவாடு கொண்டுவருகிறவர்கள் செய்தித்தாளில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு, இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் அடைக்க வேண்டும். மக்ரூனுக்கு வேறு டப்பா.

ராத்திரி தூக்கம் வரவில்லை. நடுவில் ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்றிருந்தபோது போன் அடித்தது. மணி இரண்டுக்குப் பக்கம். மருத்துவமனையோ என்று பதறி எடுத்தேன். அளத்துத் தோழி. பின்னால் வேன் சத்தம், பெண்களின் பேச்சு.

"வேலைக்குப் போறேன். எங்கட்டி இருக்க?"

"திருச்சி."

"முழிச்சிருப்பன்னு தெரியும். உனக்கு அடுத்தாப்ல எப்ப நைட் டூட்டி?"

"இருபதாம் தேதியிலேருந்து ஒரு வாரம்."

"சரி, வேன் ஏறுனதும் அடிக்கேன்" என்று வைத்துவிட்டாள். இருபதாம் தேதி இரவு ஒன்று நாற்பதுக்கு, வார்டில் நான் ஊசி மருந்துகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது, போன் அடித்தது.